ஹாத்திக்கு ஓர் இரங்கல் கூட்டம்

சென்ற மாதம் ஓர் இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாராயணா தொழிற்பேட்டையில், ஒரு அச்சகத்தின் மாடியில். சுவர் முழுக்க பேனர். நடுவில் படம். படத்துக்கு நிஜமான சாமந்தி மாலை. கீழே ஊதுபத்தி. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

இறந்தவர் யார் என்கிறீர்களா? ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்.

சிரிக்காதீர்கள். நானும் சிரிக்கத்தான் போனேன். திரும்பி வரும்போது வயிறு எரிந்தது. அங்கே கொடுத்த சமோசாவால் அல்ல... பொறாமையால்.

படம் வரையவும் எழுத்தை அடுக்கவும் பயன்படும் புரோகிராம் அது. கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், விசிட்டிங் கார்டு எல்லாம் அதில்தான் செய்வார்கள். அதன் சின்னம் ஒரு யானைத் தலை. அதனால் டெல்லி டிசைனர்கள் அதன் முழுப் பெயரைச் சொல்வதே இல்லை. ஹாத்தி. அவ்வளவுதான்.

பெயருக்கு ஏற்றபடி மெதுவாக நடக்கும். திடீரென்று படுத்துவிடும். படுத்துவிட்டால், கடைசியாக 'சேவ்' செய்ததற்குப் பிறகு போட்ட வேலை அத்தனையும் காலி. அதனால் ஹாத்திக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோடு போட்டால் ஒரு சேவ். ஒரு வட்டம் போட்டால் ஒரு சேவ். வலது கை வரைந்துகொண்டிருக்கும். இடது கையின் இரண்டு விரல்கள் தானாகவே சேவ் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருக்கும். மூச்சு விடுவது மாதிரி. அவர்களுக்கே தெரியாது.

அந்த ஹாத்தியை அடுத்த வருஷத்தோடு நிறுத்தப்போவதாகக் கம்பெனி ஒரு மெயில் அனுப்பியது. இனி விற்பனை இல்லை, ரிப்பேர் இல்லை, புது கம்ப்யூட்டர்களில் ஓடாது. நன்றி, வணக்கம்.

என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனவர் ஸ்டெல்லா அக்கா.

அக்கா டெல்லியிலேயே பிறந்தவர். அவருடைய அம்மா நாகர்கோவில் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அக்காவின் கணவருக்கு மத்திய அரசு வேலை, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை போட்டு, இருபது வருஷத்துக்கு மேலாக ஹாத்தியிலேயே டிசைன் செய்கிறார் அக்கா. முதல் நற்கருணை அட்டை, மாதா திருவிழா போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, ஆர்.கே.புரம் பக்கத்து பஜனைக் குழுவின் பங்குனி உத்திர நோட்டீஸ்... முருகனுக்கு வேல் வரைவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. "ஜெபமாலை உருட்டுற கைக்குத்தான் வேல் நேரா வரும்" என்பார்.

எனக்கு அவர் எப்படிப் பழக்கம்? ஒன்பதாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்தோம். பிறகு லாரி, ஓட்டல், லூதியானாவில் கம்பளி மில், குர்கானில் ஒரு கேட்டுக்குக் காவல். நடுவில் நாராயணாவில் ஒரு பேனர் கடையில் சில மாதம் நானும் ஹாத்தி ஓட்டினேன். பிரிண்ட் எடுக்க வந்த அக்கா, நான் போனில் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க" என்றார். அந்த வேலையைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். சாப்பாட்டை இன்னும் விடவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

நம் ஊர்த் துக்க வீடுகளில் ஒரு முறை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? யார் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழலாம், யார் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே முடிவாகிவிடும். அங்கேயும் அப்படியே. முன்வரிசை முழுக்க முடி நரைத்த டிசைனர்கள். அக்காவைப் பார்த்ததும் "ஆயியே, ஸ்டெல்லாஜி" என்று இடம் ஒதுக்கினார்கள். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் நின்ற சர்தார்ஜி என் தோளில் கை வைத்தார்.

"ஆப்? கித்னே சால் கா சாத்?"

எத்தனை வருஷ உறவு என்கிறார். நான் இழுத்தேன். "வருஷம்னு இல்ல ஜி... சில மாசம்..."

"அச்சா" என்றார், மிகுந்த இரக்கத்தோடு. கடைசி வரிசையைக் காட்டினார். அங்கே பேப்பர் சப்ளை செய்பவரும் லாமினேஷன்காரரும் ஏற்கெனவே சமோசாவைத் தொடங்கியிருந்தார்கள். ஒன்றுவிட்ட சொந்தங்கள்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஒருவர் தன் பெண் கல்யாணப் பத்திரிகையை ஹாத்தியில்தான் போட்டாராம், அப்போது அது ஒரு தடவைகூடப் படுக்கவில்லையாம். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. இன்னொருவர், "புது புரோகிராமில் என் கை ஒரு அனாதை" என்றார். அந்தப் பேனரை யார் டிசைன் செய்வது என்பதில் ஏற்கெனவே பெரிய தகராறு நடந்திருந்தது. கடைசியில் அக்கா செய்ததைத்தான் போட்டார்கள். தமிழ்நாட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாணியில், யானையின் கண்ணுக்குக் கீழே ஒரே ஒரு துளி. மற்ற டிசைனர்கள் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! துக்கம் பாதி, எரிச்சல் பாதி.

பிறகு மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடினார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துவைத்திருந்தேன், பழக்கதோஷம். அப்போதுதான் பார்த்தேன். முன்வரிசை முழுக்க, தொடைமேல் தொங்கிய இடது கைகளில், இரண்டு இரண்டு விரல்கள் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

சேவ்... சேவ்... சேவ்...

என் இடது கையைப் பார்த்தேன். சும்மா இருந்தது.

அந்த இடத்தில்தான் எரிய ஆரம்பித்தது. நான் பார்த்த வேலைகளில் ஒன்றுகூட நிறுத்தப்பட்டு நான் அழுததில்லை. அது நிற்பதற்கு முன் நான் கிளம்பியிருப்பேன். பாராபுல்லா சாக்கடைக் கால்வாயை ஒட்டி, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு சேலத்துக் குடும்பத்தின் வீட்டு மூலையில் படுத்திருந்தேன். அந்தக் கேம்பை இடித்தபோது நான் பஞ்சாபில் இருந்தேன். போனில் பார்த்தேன். வீட்டை இழந்தவர்கள் அழுதார்கள். எனக்கு அழ என்ன பாத்தியதை இருக்கிறது? நான் அங்கேயும் கடைசி வரிசை. துக்கப்படுவதற்குக்கூட ஒரு இடத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

சரி, என் பொறாமையாவது புதிது. அக்காவின் வீட்டில் அதைவிடப் பழைய பொறாமை ஒன்று இருந்தது. அதன் பெயர் சேவியர் அண்ணாச்சி. அக்காவின் கணவர்.

கூட்டத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போனபோது அண்ணாச்சி கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"வா மக்கா, வா. இன்னைக்கும் கிச்சடிதான். யானைக்கு எழவு நடக்குல்லா, வீட்டுல மீனு ஆகாதாம்."

"சும்மா இருங்க" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"நீயே சொல்லு தம்பி. எங்கம்மைக்கு அடக்கம் முடிஞ்ச கையோட இவ கம்ப்யூட்டர் முன்னால போய் உக்காந்தா. ஆர்டராம். இப்பம் பாரு, கண்ணு வீங்கிக் கெடக்கு. ஏட்டி, நான் செத்தா இப்பிடி அழுவியா?"

"நீங்க முதல்ல க்ராஷ் ஆகாம இருங்க. அப்புறம் பார்க்கலாம்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு கேட்டியா? தூக்கத்துல இவ கை எந்தோளுல டொக்கு டொக்குன்னு தட்டும். மொதல்ல பாசம்னு நெனச்சேன் மக்கா. பொறவுல்லா தெரிஞ்சுது, யானைக்கு சேவ் போடுதான்னு!"

சிரித்தோம். அக்காவும் சிரித்துவிட்டார். ஆனால் அண்ணாச்சி முழுக்க விளையாட்டாகப் பேசவில்லை. அவர் அந்த மாதம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். சில மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நாகர்கோவிலில் வீடு கட்டிவைத்திருக்கிறார். டெல்லிக் காற்று நெஞ்சுக்கு ஆகவில்லை. நவம்பர் வந்தால் இருமல். போய்விட வேண்டும் என்பது அவர் கட்சி.

அக்கா போக மாட்டேன் என்கிறார். அவருக்கு நாகர்கோவில் என்பது லீவுக்குப் போகிற ஊர். அவர் கையில் இருந்த ஒரே வாதம்: "எனக்கு இங்க வேலை இருக்கு." அதனால் வேலை இருக்கிற வரைக்கும் டெல்லியிலேயே ஒரு வாடகை வீடு, வேலை நின்றால் நாகர்கோவில் என்று ஒரு சமாதானம் ஆகியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கம்பெனியின் அந்த மெயில் வந்திருந்தது. அக்காவுக்கு அது சாவுச் செய்தி. அண்ணாச்சிக்கு அந்தோணியார் கொடுத்த பதில். மறுநாளே போய் அட்டைப் பெட்டிகள் வாங்கிவந்து பால்கனியில் அடுக்கிவிட்டார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. நாராயணா கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, நேரு பிளேஸில் புது புரோகிராம் கற்றுத் தரும் ஒரு கிளாஸில் சேர்ந்துவிட்டார்.

"இந்த வயசுல கிளாஸா?" என்றார் அண்ணாச்சி.

"ஏன், வயசானவங்களுக்குத் தனி மெட்ரோவா விட்டிருக்காங்க? எல்லாரும் ஒரே டிரெயின்லதான் போறாங்க."

ஆனால் அந்தக் கிளாஸ் அக்காவை உடைத்துவிட்டது. நான் அடுத்த முறை போனபோது அக்கா சோபாவில் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சின்னப் பசங்க" என்றார். "நான் கோடு போட்டதும் என் கை தட்டிடுது. புதுசுல சேவ் பண்ணவே வேண்டாமாம், அதுவே பண்ணிக்குமாம். டீச்சர் சொல்லுது, 'ஆன்ட்டி, ரிலாக்ஸ், யாரும் உங்க வேலையைத் திருடிட்டுப் போக மாட்டாங்க'ன்னு. எல்லாம் சிரிச்சுதுங்க. ஒரு வேல் வரையச் சொன்னா பென்சில் மாதிரி வருது. இருபது வருஷம் செஞ்ச கை..."

கையை விரித்துப் பார்த்தார். வேறு யாருடையதோ போல.

அண்ணாச்சி எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அவர் டீ போட்டு நான் பார்த்தது அன்றுதான். அக்கா கையில் கொடுத்துவிட்டு, "விடு ஸ்டெல்லா. போதும். செஞ்சது போதும்" என்றார். கிண்டல் இல்லை. உண்மையான பரிவு. பரிவோடு சொன்னால்தான் ஆபத்து. எதிர்த்துப் பேச முடியாது.

அக்கா டீயைக் குடித்தார். பால்கனியில் பெட்டிகள் தயாராக இருந்தன. முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போதுதான் கம்பெனி குட்டிக்கரணம் போட்டது.

உலகம் முழுக்க டிசைனர்கள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். மெயில், வீடியோ, மனு. பாவம், கம்பெனிக்காரர்களுக்கே தெரியாது போலிருக்கிறது, தாங்கள் விற்றது இவ்வளவு பேருக்குச் சொந்தக்காரன் என்று. இன்னொரு மெயில் வந்தது. ஹாத்தியை நிறுத்தவில்லை. புதிதாக எதுவும் சேர்க்கவும் மாட்டோம். இருக்கிறபடி இருக்கும்.

நினைத்துப் பாருங்கள். இரங்கல் கூட்டம் நடத்தி, மாலை போட்டு, சமோசாவும் சாப்பிட்ட பிறகு, ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்! நாராயணாவில் லட்டு விநியோகம். வாட்ஸ்ஆப் குரூப்பில் யானை நடனமாடுகிற படங்கள். நிறுத்தாதே என்று கத்தினால் நிறுத்தாமல் விடுவார்களா? எனக்கு இது புதுச் செய்தியாக இருந்தது. என் அனுபவத்தில் அப்படி யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. மறுபடியும் எரிந்தது.

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, ஜல்தி வா. சாமான் கட்டணும்."

எனக்குப் புரியவில்லை. ஹாத்தி பிழைத்துவிட்டதே? வேலை இருந்தால் டெல்லி என்பதுதானே ஒப்பந்தம்? ஆனால் போனால், அண்ணாச்சி ஜிலேபிப் பொட்டலத்தோடு நிற்கிறார். இருபது வருஷ எதிரி பிழைத்ததற்கு இவருக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?

"யோசிச்சுப் பாரு மக்கா. யானை சாகல. அதனால இவ புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம். இந்தக் கம்ப்யூட்டரு ஓடுத வரைக்கும் அதுவும் ஓடும். அதுக்கு நெட்டும் வேண்டாம், நேரு பிளேஸும் வேண்டாம். ஆர்டரு எல்லாம் வாட்ஸ்ஆப்புல வருது, ஃபைல மெயில்ல அனுப்பிரலாம். பெட்டியில கட்டி நாகர்கோவில்ல கொண்டு வச்சா வேலைக்கு வேலையுமாச்சு, ஊருக்கு ஊருமாச்சு. என்ன சொல்லுத?"

நான் என்ன சொல்வது? வாதத்தில் ஓட்டையே இல்லை. ஹாத்தி செத்திருந்தால் அக்காவுக்கு வேலை இல்லை, நாகர்கோவில். ஹாத்தி பிழைத்தால் வேலையோடு நாகர்கோவில். எப்படிப் போட்டாலும் அந்த ஊர்தான் விழுகிறது.

அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தார். தோளில் கிளாஸ் பை.

"எங்கட்டி கெளம்புத?"

"கிளாஸுக்கு."

"அரே, யானைதான் சாகலியே! மெயிலு பாக்கலியா?"

"பார்த்தேன். அவங்க நிறுத்தலை" என்றார் அக்கா. "நான் நிறுத்திட்டேன்."

அண்ணாச்சி கையில் ஜிலேபி அப்படியே நின்றது.

"என்னங்க, அன்னைக்கு நாராயணால நான் நடிக்கலை. உக்காந்து அழுதேன். அழுது முடிச்சாச்சு. இப்ப எழுந்து வந்து, வா, பழையபடி இருக்கலாம்னா எப்படி? அவங்களே சொல்லிட்டாங்க, இனிமே இது வளராதுன்னு. இருக்கிறபடி இருக்குமாம். அதோட நாகர்கோவில்ல போய் நானும் இருக்கிறபடி இருக்கணுமா?"

அண்ணாச்சி ஜிலேபிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கிளாஸ்ல நீ அழுதுட்டுல்லா வந்த..."

"ஆமா. இன்னைக்கும் அழுவேன். வேல் நேரா வர்ற வரைக்கும் அழுவேன். உங்க நெஞ்சுக்காக நவம்பர், டிசம்பர் நாகர்கோவில்ல இருப்போம், அதுக்கு நான் தயார். மத்த மாசத்துக்கு இங்க வாடகை வீடு பாருங்க. அவ்வளவுதான்."

அக்கா ஒரு ஜிலேபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஆட்டோக்காரரோடு ஹிந்தியில் சண்டை போடும் குரல் கீழேயிருந்து கேட்டது. அந்தக் குரலில் அழுகையும் இல்லை, வயதும் இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அண்ணாச்சி, மேஜைமேல் அணைந்து கிடந்த ஹாத்தி.

அண்ணாச்சி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "இத்தனை வருஷமா இந்தச் சவத்து யானை மேல பொறாமைப்பட்டேன் மக்கா. இப்பம் பாரு. எடுக்கவும் மாட்டாவ, வளக்கவும் மாட்டாவ. இருக்கபடி கெடக்கும். அதும் என்னைய மாதிரி ரிட்டயர்டு ஆயிட்டு."

"வருத்தமா அண்ணாச்சி?"

"போடே. இப்பந்தான் அது மேல பாசமே வருது."

அந்த வாரமே கோட்லா முபாரக்பூரில் ஓர் இரண்டாம் மாடி கிடைத்தது. கிட்வாய் நகரிலிருந்து நடந்தே போய்விடலாம். அண்ணாச்சி நாகர்கோவிலுக்காக வாங்கிய பெட்டிகள் எல்லாம் அந்தக் குறுகிய படியில் ஏறின. ஏற்றியது நான்தான். மூட்டை தூக்குவதில் எனக்கு நல்ல பழக்கம். இடம் மாறுவதில் அதைவிட நல்ல பழக்கம்.

அப்படித்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஊரை விட்டேன், எத்தனை வேலையை விட்டேன் என்று மாதாமாதம் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன்! கடைசிப் பெட்டியை மாடியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. நான் விட்டதெல்லாம் பஸ் நின்ற இடத்தில் இறங்கியது. அக்கா செய்திருப்பதுதான் விடுவது. இருபது வருஷம் இருந்து, உட்கார்ந்து அழுது, திரும்பி வா என்று அது கூப்பிட்ட பிறகும் விடுவது.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதிலும் அக்கா என்னை முந்திவிட்டார்.